சம்பு ஏறினால் குளம் தூர்ந்துவிடுமா? கொங்குக் குளங்களின் ஓரத்தை மீட்கும் வழிகாட்டி

பல்லடம் பக்கம் ஒரு குட்டையில், சேற்றில் முழங்கால் வரை இறங்கி, சம்பு என்ற உயரமான நீர்ப்புல்லின் கிழங்கை ஊன்றிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏனுங் தம்பி, குளத்தத் தூர் வாருவாங்க, அதப் பாத்திருக்கறன். குளத்துக்குள்ள புல்லு நடறவங்கள இப்பத்தானுங்க பாக்கறன். சம்பு ஏறுனா குளம் தூந்து போயிருமுங்களே?"

அவர் கேட்டதில் பாதி உண்மை. சம்பை நட்டுவிட்டு மறந்துபோனால் குளம் தூர்ந்துதான் போகும். மீதிப் பாதிதான் இந்த வழிகாட்டி. பச்சைக் குழம்பாக நாறும் ஒரு குளத்தைத் தேற்றுவதில் அதன் ஓரம் எந்த அளவுக்கு உதவும், எந்த அளவுக்கு மேல் உதவாது, என்னென்ன வேலையை எந்த மாதத்தில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

பச்சை எங்கிருந்து வருகிறது

குளம் பச்சையாவது அழுக்கால் மட்டும் அல்ல, சத்தால். வயலுக்குப் போட்டால் பயிரை வளர்க்கும் அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்துக்குள் வந்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசியை வளர்க்கின்றன. இந்த இரண்டில் பாஸ்பரஸ்தான் பெரிய திருடன். 1973இல் கனடாவில் 226 என்ற எண் கொண்ட ஒரு ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேல் என்று ஆனது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் இன்றும் ஏரி பற்றிப் பேசுகிற இடங்களில் எல்லாம் காட்டப்படுகிறது.

பாசியின் உடம்பில் உள்ள பங்கைக் கணக்கிட்டால் ஒரு கிலோ பாஸ்பரஸ் நூறு கிலோவுக்கு மேல் காய்ந்த பாசியை உண்டாக்கப் போதும். ஈரத்தோடு நிறுத்தால் ஒரு டன்னையும் தாண்டும். அந்தப் பாசி பகலில் ஆக்சிஜனைக் கொட்டும், இரவில் அதையே உறிஞ்சும். செத்த பாசி அடியில் அழுகும்போது இன்னும் உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேல் நீட்டித் தவிப்பதும், ஒரு நாள் மொத்தமாக மிதப்பதும் இதனால்தான். 'யாரோ மருந்து கலந்துட்டாங்க' என்று ஊரில் பேச்சு வரும். பல தடவை யாரும் எதையும் கலந்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சத்து வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வீட்டுச் சாக்கடை, சோப்புத் தண்ணீர், தென்னந்தோப்பில் இருந்து மழையோடு வழியும் உரம், கரையோரம் கொட்டும் கறிக்கடைக் கழிவு. பல்லடம், நாமக்கல் பக்கம் என்றால் கோழிப்பண்ணை எருவும் சேரும். அதில் பாஸ்பரஸ் தாராளம். வெள்ளியங்கிரியில் இறங்கும் நொய்யலில் அணைக்கட்டு, ராஜவாய்க்கால், குளம், அதன் உபரி அடுத்த குளம் என்று நம் முன்னோர் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். தண்ணீருக்கு அது அருமையான ஏற்பாடு. சாக்கடைக்கும் அதே சங்கிலிதான் பாதை என்பது இன்றைய நிலைமை.

ஓரம் செய்யும் வேலை

நிலமும் நீரும் சந்திக்கும் அந்தப் பட்டையில், அதாவது மழைக்கு முழுகி வெயிலுக்கு வெளியே வரும் சரிவில், நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, வேகத்தடை. கோரைக்குள் நுழையும் தண்ணீர் நின்று நிதானித்துப் போவதால் மண் படிகிறது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸும் அங்கேயே தங்கிவிடுகிறது. காற்றுக்கு அலை அடித்து ஓரம் கரைவதும் சேறு கலங்குவதும் குறைகிறது.

அடுத்தது நைட்ரஜன் கதை. எனக்குப் பிடித்தது இதுதான். சம்பின் தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள் இருக்கும். அது மேலிருந்து காற்றை வேருக்கு இறக்கும் குழாய். சுற்றிலும் மூச்சு முட்டும் கறுப்புச் சேறு, நடுவில் வேரைச் சுற்றி மட்டும் மெல்லிய ஆக்சிஜன் போர்வை. அந்தப் போர்வைக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகின்றன. அரை அங்குலம் தள்ளி ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டாரும் மின்சாரமும் வைத்துச் செய்யும் வேலையை ஒரு புல் சும்மா நின்றுகொண்டு செய்கிறது.

பாஸ்பரஸுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது ஆவியாகிப் பறக்காது. ஒன்று மண்ணில் ஒட்ட வேண்டும், இல்லை செடிக்குள் போக வேண்டும். நம் செவல் மண்ணின் சிவப்புக்குக் காரணமான இரும்பு, ஆக்சிஜன் இருக்கும் வரை பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் கையை விட்டுவிடும். அடிச்சேறு நாறும் குளத்தில், சாக்கடையை நிறுத்திய பிறகும் பச்சை போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பழைய கடனைச் சேறே வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறது. செடிக்குள் போன பாஸ்பரஸும் அறுத்து வெளியே எடுத்தால்தான் வெளியே. அறுக்காவிட்டால் தாள் காய்ந்து விழுந்து அழுகித் தண்ணீருக்கே திரும்பும். பெரியவரின் பயம் சரியாக விழும் இடம் இது.

கடைசியாக, உயிர்கள். தண்டிலும் இலையிலும் வழவழப்பாகப் படியும் ஒட்டுப்பாசி, மிதவைப் பாசிக்குப் போகும் சத்தில் பங்கு கேட்கிறது. செடிக்கூட்டத்துக்குள் பகலில் ஒளிந்திருக்கும் தண்ணீர்த் தெள்ளுப்பூச்சிகள் இரவில் வெளியே வந்து மிதவைப் பாசியை மேய்கின்றன. மறைவிடம் இல்லாத குளத்தில் மீன்குஞ்சுகள் இந்தப் பூச்சிகளை ஒன்று விடாமல் தின்றுவிடும். மேய ஆள் இருக்காது, பாசிக்குக் கொண்டாட்டம். ஆழமில்லாத குளங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தெளிவாக இருந்தால் அடியில் வேலம்பாசி (பெயரில் பாசி, ஆனால் நீருக்குள் வேர்விட்டு வளரும் செடி) வளர்ந்து தெளிவாகவே வைத்துக்கொள்ளும். கலங்கிவிட்டால் வெளிச்சம் போகாமல் வேலம்பாசி செத்துக் கலங்கலாகவே கிடக்கும். ஒரு நிலையில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ள பலமான உந்தல் வேண்டும்.

கசப்பான கணக்கு, முதலிலேயே

ஒரு ஏக்கரில் நன்றாக வளர்ந்த சம்பை வருடம் ஒருமுறை முழுக்க அறுத்தால், சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ காய்ந்த எடை என்று வைத்து, சுமார் 8 டன் கிடைக்கும். அதில் பாஸ்பரஸ் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்றால் 16 கிலோ. ஒரு மனிதர் ஒரு நாளைக்குக் கழிப்பது சுமார் ஒன்று முதல் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ், வருடத்துக்கு அரைக் கிலோ அளவு. ஆக ஒரு ஏக்கர் சம்பு அறுப்பு முப்பது நாற்பது பேரின் பாஸ்பரஸைத்தான் வெளியே எடுக்கும். மண்ணில் ஒட்டுவது, படிவது எல்லாம் இதற்கு மேல் கிடைக்கும் லாபம். ஆனாலும் ஒரு பேரூராட்சியின் மொத்தச் சாக்கடையும் விழும் குளத்தில் 'இயற்கை முறையில் சுத்திகரிப்பு' என்று நாலு தெப்பத்தில் செடி வைத்துப் படம் எடுத்துக்கொள்வது கண்துடைப்பு என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

சாக்கடையை நிறுத்துவது பாதிக்கு மேற்பட்ட வைத்தியம். கரையோரம் அதற்குப் பிறகு வரும் பத்தியம். பத்தியம் மட்டும் இருந்து நோய் தீர்ந்தது என்று நான் எங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருப்பூர்ப் பக்கச் சாயக்கழிவின் பிரச்சினை உப்பு. சம்பும் நாணலும் உப்பை எடுக்காது. அங்கே இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கழிவு குளத்துக்கு வராமல் இருப்பது ஒன்றே வழி.

படி 1: ஒரு வருடம் குளத்தைப் பாருங்கள்

வேலையை ஆரம்பிக்கும் ஆசையில் எல்லோரும் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். நானும் குதித்தேன், அடிபட்டேன்.

ஒரு பழைய எவர்சில்வர் தட்டு, 20 செ.மீ. அகலம் இருந்தால் போதும். நாலு கால் பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிற்றில் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சு. தண்ணீரில் இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை மாதம் இரண்டு முறை, நண்பகல் வாக்கில், அதே இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழம்பான குளத்தில் ஒரு சாண் இறங்குவதற்குள் தட்டு காணாமல் போய்விடும். பிறகு எது முன்னேற்றம், எது பிரமை என்று சொல்லப்போவது இந்தக் கயிறுதான்.

விடியற்காலையில் ஆக்சிஜன் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் சோதனைப் பெட்டி போதும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பல மீன்களுக்கு உயிர் ஊசலாட்டம். மத்தியானம் அளந்து 'நல்லாத்தானே இருக்கு' என்று ஏமாறாதீர்கள். பாசி அப்போது ஆக்சிஜனை உமிழ்ந்துகொண்டிருக்கும்.

முக்கியமாக, நீர்மட்டம். ஐப்பசி கார்த்திகையில் எதுவரை ஏறுகிறது, சித்திரையில் எதுவரை இறங்குகிறது என்று குச்சி அடித்துக் குறியுங்கள். இந்த இரண்டு குச்சிகளுக்கு நடுவில்தான் உங்கள் மொத்த வேலையும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் தண்ணீர் பெறும் 1045 குளம் குட்டைகளில் உங்களுடையதும் ஒன்று என்றால் கவனம். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரியைக் குழாயில் அனுப்புகிறார்கள். வருடா வருடம் பார்த்துப் பழகிய ஏற்ற இறக்கக் கணக்கு இனி அப்படியே பொருந்தாது.

படி 2: வரும் வழிகளை எண்ணுங்கள்

மழை இல்லாத ஒரு நாளில் குளத்தைச் சுற்றி முழுக்க நடந்து வாருங்கள். அன்றைக்கும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் வாய் எல்லாம் சாக்கடைதான். ஒவ்வொன்றின் கீழும் இருபது லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று எழுதுங்கள். பத்து நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2 லிட்டர், நாளுக்கு 1,72,800 லிட்டர். அப்புறம் மழை கொட்டும் நாளில் இன்னொரு நடை. அன்று தோட்டம், பண்ணை, சாலையில் இருந்து புதிதாகத் திறக்கும் வாய்களைப் பிடிக்கலாம்.

இந்த வேலை முடிந்தால் ஒன்று புரியும். பத்து வாய் இருந்தால் அதில் இரண்டு மூன்றே பெரும்பகுதியைக் கொண்டுவரும். சண்டை போட வேண்டியது அந்த இரண்டு மூன்றுக்குத்தான். ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி, நீர்வளத் துறை என்று குளம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம், வாளிக் கணக்கோடு போங்கள். வெறும் மனுவை விட எண்ணுக்கு மரியாதை அதிகம்.

படி 3: பெரிய வாய்களில் வடிகட்டும் குட்டை

மாற்றி விட முடியாத சிறிய சாக்கடைக்கு, அது குளத்தில் விழும் முன் தனி ஏற்பாடு செய்யலாம். முதலில் ஒரு படிவுக் குழி. மண்ணும் மலமும் அங்கே தங்கட்டும், வருடம் ஒரு தடவை அள்ளிவிடலாம். அதற்கடுத்து ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத பாத்தி, அரை மீட்டரில் இருந்து முக்கால் மீட்டர் ஆழம். அதில் நாணல், சம்பு, கல்வாழை, வெட்டிவேர் எது உங்கள் ஊரில் சொன்னபடி கேட்கிறதோ அது. தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே நகர வேண்டும், மேலே தேங்கக் கூடாது. கொசுப் பிரச்சினை அதோடு போகும்.

அளவு எவ்வளவு? நம் வெப்பத்தில், படிவுக் குழி தாண்டிய சாக்கடைக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. நூறு வீடு, நானூறு பேர் என்றால் பத்து முதல் இருபது சென்ட் நிலம். குளத்து நீர்ப்பரப்பின் ஓரத்தில் இந்த இடம் அநேகமாகப் புறம்போக்காகவே கிடக்கும், இல்லை யாராவது வளைத்துப் போட்டிருப்பார்கள். அது வேறு கதை, அதற்குத் தமிழ்நாட்டில் 2007இன் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது.

குளம் பெரியது, ஓடை பெரியது என்றால் இதே யோசனையைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். ஹங்கேரியில் பாலட்டான் என்ற பெரிய ஏரிக்குள் விழும் ஜாலா ஆற்றின் முகத்துவாரச் சதுப்பை முன்பு வடித்து நிலமாக்கிவிட்டார்கள். ஆறு கொண்டுவரும் சத்து நேராக ஏரிக்குள் விழுந்து ஏரி பச்சையானது. தப்பை உணர்ந்து, ஆற்றை மறுபடி சதுப்புக்குள் பரவவிடும் வேலையின் முதல் பகுதியை 1985இல் முடித்தார்கள்.

படி 4: சரிவு (இதில் அவசரம் கூடாது)

எந்தச் செடியை நடுவது என்று என்னைக் கேட்பவர்கள் அதிகம். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் ஓரம் எத்தனை சரிவு? சரிவு சரியாக இருந்தால் செடி தானாக வரும். காற்றும் நாரையும் விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். செங்குத்தாகக் கல் பதித்த சுவரில் என்ன நட்டாலும் நிற்காது.

நம் குளங்களுக்கு ஒரு நல்ல காலம் உண்டு. பிறை வடிவில் ஒரு பக்கம்தான் கரை கட்டியிருக்கும். மதகும், உபரி நீர் வழியும் கலிங்கும் அங்கேதான். தண்ணீர் வந்து சேரும் மற்றப் பக்கங்கள் இயல்பாகவே மெல்லச் சரிந்த நிலம். கரையோரப் பட்டைக்கு உரிய இடம் அதுதான். கட்டிய கரையை யாரும் தோண்டாதீர்கள், சரிவை மாற்றாதீர்கள். அது உடைந்தால் கீழே இருக்கும் ஊர் போகும். கரையில் கை வைக்கும் எதுவும் பொறியாளர் சொல்லிச் செய்ய வேண்டிய வேலை. வெட்டிவேரை வரிசையாக நடுவது மட்டும் அங்கே ஆபத்தில்லாத காரியம்.

நீர்வரத்துப் பக்கத்தில், ஒரு அடி இறங்க எட்டு முதல் பத்து அடி கிடைமட்டம் போக வேண்டும். இன்னும் தட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், அதிகபட்ச நீர்மட்டத்தில் இருந்து ஒரு மீட்டர் ஆழம் வரை போனால் பத்து மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். வண்டல் அள்ள வரும் ஜேசிபி இந்தப் பட்டைக்குள் இறங்கவே கூடாது. இது நான் திரும்பத் திரும்பப் போடும் சண்டை. மண் வேண்டும் என்று ஓரத்தையே வெட்டிக் கிணறு மாதிரிச் செங்குத்துக் குழியாக்கிவிடுகிறார்கள். அப்புறம் அங்கே புல்லும் முளைக்காது, ஆடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் முடியாது, பிள்ளைகள் விழுந்தால் ஏறவும் முடியாது. தூர் வாருவது நடுவில்.

தூர் வாருவதற்கும் அர்த்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஸ்வீடனில் ட்ரும்மென் என்ற ஏரியில் சாக்கடையை நிறுத்திப் பல வருடம் ஆகியும் தேறவில்லை. 1970, 1971 இரண்டு வருடத்தில் அரை மீட்டர், அரை மீட்டராக மேல் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தேறியது. நமக்கு வெயில் இலவசம். கோடையில் வற்றும் குளத்தில் அந்தக் கறுப்பு மேல்சேற்றை மட்டும் வழித்தெடுத்தால் பாதிக் கடன் தீரும். அனுமதி வாங்காமல் ஒரு கூடை கூட எடுக்காதீர்கள். தொழிற்சாலைக் கழிவு விழுந்த குளம் என்றால் பரிசோதனை செய்யாமல் தோட்டத்துக்குப் போடவும் போடாதீர்கள்.

படி 5: நடுவது, எதை, எங்கே, எப்போது

மேலிருந்து கீழே வருவோம்.

உச்ச நீர்மட்டத்துக்கு மேலே, அதாவது நனையாத மேட்டில், அறுகும் மற்ற நாட்டுப் புல்லும் நெருக்கமாக வரட்டும். தோட்டத்து உரத்தை முதலில் தடுப்பது இந்தப் புல்தான். மரம் வேண்டும் என்றால் நீர்மருது, புங்கன், நாவல், நொச்சி. ஆனால் தண்ணீர் விளிம்பில் இருந்து பதினைந்து இருபது அடி தள்ளி. விளிம்பிலேயே நட்டால் நிழலில் கோரை வராது, உதிரும் இலையும் குளத்துக்குள்தான் விழும். மரக்கன்று நடும் விழாவுக்கு வரும் கூட்டம் புல் விதைக்க வராது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அடுத்து, முழுகி எழும் ஈரப் பட்டை. கோரை வகைகள், வெட்டிவேர், வசம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை, நீர்முள்ளி. இதில் பாதி தானே வந்துவிடும். சாக்கடை விழுந்த குளத்துக் கீரையை மட்டும் யாரும் பறித்துச் சாப்பிட வேண்டாம் என்று ஊரில் சொல்லிவைப்பது நல்லது.

ஒரு சாணில் இருந்து இரண்டு அடி ஆழம் வரை சம்பும் நாணலும். அதற்கும் கீழே மூன்று நாலு அடி வரை அல்லி, தாமரை, கொட்டி. அதற்கும் உள்ளே வேலம்பாசி, ஆனால் அதை நடுவது வீண்வேலை. உங்கள் கயிற்றுத் தட்டு இரண்டு அடியாவது தெரிய ஆரம்பித்தால் அடிச்சேற்றில் கிடக்கும் விதையும் துண்டும் தானாகக் கிளம்பும்.

நாற்றைப் பக்கத்துக் குளத்தில் இருந்து எடுங்கள். அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது அதுதான். எடுத்த கட்டில் வெங்காயத்தாமரைத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். நாம் ஆகாயத்தாமரை என்று கூப்பிடும் ஊதாப்பூ அரக்கன் அதுதான். ஒரு துண்டு போதும், இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். சத்தை உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் முழுக் குளத்தையும் மூடி வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடும். நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் ஓரத்தில் தலைகாட்டினால் வேரோடு பிடுங்குங்கள்.

இப்போது காலம். முதல் தடவை நான் புரட்டாசிக் கடைசியில் நட்டேன். மண் ஈரமாக இருக்கிறது, மழை வரப்போகிறது, பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பு. ஐப்பசியில் ஒரே இரவில் தண்ணீர் நாலு அடி ஏறியது. நட்டது அத்தனையும் மறுநாள் காலை கலிங்கு ஓரத்தில் கட்டுக்கட்டாக மிதந்தது. சம்புக்குத் தாளின் நுனி தண்ணீருக்கு மேலே இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு மூச்சு முட்டிச் சாகும். வேர் பிடிக்க ஆறு எட்டு வாரம் வேண்டும்.

அதன் பிறகு கற்றுக்கொண்டது, இறங்கும் தண்ணீரைத் துரத்திக்கொண்டே நடுவது. தையில் நீர்மட்டம் இறங்க ஆரம்பிக்கும்போது, விளிம்புச் சேற்றில் ஒரு வரிசை. இரண்டு வாரம் கழித்து இன்னும் கீழே இறங்கியிருக்கும் விளிம்பில் அடுத்த வரிசை. ஒரு சாண் நீளக் கிழங்கு, ஒரு முளையோடு, சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று. பங்குனி வெயிலுக்குள் வேர் இறங்கிவிடும். மேலே தாள் காய்ந்தாலும் கிழங்கு தாங்கும், மழை வந்ததும் தளிர்க்கும். ஆட்டையும் மாட்டையும் முதல் வருடம் முழுக்க உள்ளே விடக் கூடாது. முள்வேலி போடுவதை விட, அவை தண்ணீர் குடிக்க ஒரு தனி இறங்குதுறையை ஒதுக்கிக் கொடுப்பது சண்டை இல்லாத வழி.

கரை முழுக்க நட வேண்டாம். இருபது மீட்டர் நடவு, பத்து மீட்டர் வெறும் ஓரம் என்று விட்டு விட்டுப் போனால் மீன் உள்ளே போய்வர வழி இருக்கும், கொசுப்புழுவைத் தின்னும். துணி துவைப்பவர்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா.

படி 6: தண்ணீரை ஏற இறங்க விடுங்கள்

மாசியிலும் தளும்பி நிற்கும் ஊர்க் குளத்தைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் மழை இல்லாத மாதத்தில் அதைத் தளும்ப வைப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். வற்றி வெடிக்கும் சேற்றில் காற்று இறங்குகிறது, சேறு இறுகுகிறது, இரும்பு மறுபடி பாஸ்பரஸைப் பிடிக்கிறது, புல் விதைகள் முளைக்கின்றன. ஓரத்துக்கு இந்தக் கோடை ஓய்வு அவசியம். படகுச் சவாரிக்காக ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்த தண்ணீரில் பட்டை மெலிந்துகொண்டே போய், பிறகு இல்லாமலே போகும்.

படி 7: அறுவடை

பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான். அறுக்கும் மனசு இல்லாவிட்டால் நடவே வேண்டாம்.

தண்ணீர் இறங்கியிருக்கும் தை, மாசி நல்ல நேரம். முதலில் நாரை, தாழைக்கோழிகளின் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அரிவாளை எடுங்கள். ஒரே வருடத்தில் முழுக்க அறுக்காமல் பட்டை பட்டையாக, மூன்றில் ஒரு பங்கோ பாதியோ. அடுத்த வருடம் மீதி. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாணாவது கட்டை நிற்க வேண்டும். நீருக்கு அடியில் அறுத்தால் அந்தக் காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகிவிடும். சம்பு நடுக்குளத்தை நோக்கி வேண்டாத இடத்துக்கு ஏறுகிறது என்றால் இதையே ஆயுதமாக்கலாம். அங்கே மட்டும் நீருக்கு அடியில் அறுத்தால் திரும்ப வராது.

அறுத்ததைக் கரைமேலேயே குவித்து வைப்பது பெரிய தப்பு. முதல் மழைக்கு அழுகின சாறு அப்படியே குளத்துக்குத் திரும்பும். குளத்துக்கு வடியாத பக்கம் கொண்டுபோய்விடுங்கள். தென்னைக்கு மூடாக்காகப் போடலாம், எருக்குழியில் சேர்க்கலாம், கோரையாக இருந்தால் பாய் நெய்பவர்களைக் கேட்கலாம். எங்கள் குட்டையில் முதல் அறுப்பை வண்டி வைத்து ஏற்றிப் போனது யார் தெரியுமா? "தென்னைக்குப் போட்டா ஈரம் நிக்குமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த அதே பெரியவர்தான்.

படி 8: மீனும் பொறுமையும்

அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் சாதாக் கெண்டையும், எதையும் விடாத ஜிலேபிக் கெண்டையும் நிறைந்த குளத்தில் தண்ணீர் தெளிவது கஷ்டம். ஏலம் எடுத்தவரிடம் பேசி அவற்றை அதிகம் பிடிக்கவும், குஞ்சுமீனைத் தின்னும் விராலை விட்டுவைக்கவும் கேளுங்கள். கட்லா, ரோகு வளர்க்கும்போது சாணமும் கோழி எருவும் கொட்டுவதை நிறுத்தும்படி ஏல நிபந்தனையிலேயே எழுத வைத்தால் இன்னும் நல்லது.

எத்தனை வருடம்? ஓரம் இரண்டு வருடத்தில் பச்சை கட்டும். பறவைகள் அதற்கும் முன்பே வரும். தண்ணீர் தெளிவது வேறு கணக்கு. சத்து வரத்தைக் குறைத்த 35 ஏரிகளின் நீண்டகாலப் பதிவுகளை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், பாஸ்பரஸ் புதிய அளவில் நிலைகொள்ள அநேகமாகப் பத்து முதல் பதினைந்து வருடம் ஆனது என்று கண்டார்கள். அவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகள். கோடையில் வற்றி, சேறு வழிக்க முடிகிற நம் குட்டைகளுக்கு இதைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. எப்படியும் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலுக்குள் முடியும் காரியம் இல்லை.

எங்கள் குட்டையில் ஒரு சாணில் மறைந்த தட்டு, நாலாவது தையில் இரண்டு அடிக்குத் தெரிந்தது. அதன் கீழே வேலம்பாசி அசைவதையும் பார்த்தோம். அடுத்த வாரமே மீன் ஏலக்காரர் வந்துவிட்டார். "ஏனுங்க, வலை பூராம் பாசி மாட்டுதுங்க. புல்கெண்டை நூறு வாங்கி உட்டா தின்னு தீர்த்துருமுங்க" என்றார். புல்கெண்டை விட்டால் வேலம்பாசியோடு சம்புத் தளிரும் போய், இரண்டே வருடத்தில் பழைய பச்சைக் குழம்பு வந்துவிடும். விட வேண்டாம் என்று கெஞ்சி, வலை இழுக்க மூன்று தடம் மட்டும் எங்கள் ஆட்களே பாசியை அரித்துக் கொடுப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். மாசம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில்.